சுவருக்குள் புதைக்கும் சாவு

பளிங்குத் தரைக்குப் பணத்தை அள்ளிக் கொட்டுகின்றனர். தலைவாயிற் கதவுக்குத் தேக்கு தேடி அலைகின்றனர். சுவருக்குள் ஓடும் மின்கம்பிக் குழாய்க்கு மட்டும் மலிவு கேட்கின்றனர்! கண்ணுக்குத் தெரியாததில்தானே கஞ்சத்தனம் செல்லும்?

மின்பெட்டியில் வந்து முடியும் குழாய்களைத் திறந்து பாருங்கள். குழாயின் உட்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கம்பிகள் நிரம்பலாகாது என்பது தேர்ந்த மின்பணியாளர் கைக்கொள்ளும் அளவு. மின்னோட்டம் பாயும் கம்பி சூடேறும். அச்சூடு தணிய இடைவெளி வேண்டும். நெருக்கியடைத்தாலோ காப்புறை ஆண்டுக்கணக்கில் வெந்து, இறுகி, வெடிக்கும். திணித்து இழுக்கும்போதே உறை கிழிவதும் உண்டு. வீட்டு மின்னிணைப்புக்கென இந்தியத் தர நெறி 732 இருக்கிறது, ஏட்டில் உறங்குகிறது.

இரும்புப் பெட்டியில் துளையிட்ட விளிம்பு கத்திபோற் கூரியது. அங்கே காப்பு வளையம் பொருத்தாமற் கம்பியை நுழைப்பவனைப் பணியாளன் என்பதா? (கூலியை அடித்துக் குறைத்தவரையும் அதே கூண்டில் நிறுத்துக!)

கொடுமையினும் கொடுமை, நிலத்தொடர்புக்குரிய பச்சைக் கம்பியையே விட்டுவிடுவது. “விளக்குதான் எரிகிறதே!” என்கின்றனர். எரியும், அக்கம்பி இல்லாமலும் எரியும். அதுவே ஏமாற்று. சலவைப் பொறியின் இரும்புடலில் மின் கசியும் நாளில், ஈரக் காலுடன் அதைத் தொடும் பெண்ணின் உடலே மின்னுக்கு வழியாகும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் கருவி கடைகளிற் கிடைக்கிறது. வரவேற்பறையின் தொங்கு விளக்குக்குக் கொடுத்த பணம் அதற்கு மட்டும் இல்லையா?

பூச்சு வேலைக்கு முன் குழாயின் அகலத்தையும், பெட்டியை மூடுமுன் பச்சைக் கம்பிகளையும் வீட்டுக்காரர் தாமே நின்று எண்ணிப் பார்க்கட்டும்.