தெரிவுக் குழுவும் நீதியின் வாசலும்

இறக்காமத்து உழவர் வீட்டுப் பட்டதாரியொருவர் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை எழுப்பிய நம்பிக்கையோடு காத்திருந்து புறக்கணிக்கப்பட்டால், “நீதிமன்றம் உண்டே” என்பர் சிலர். அவ்வாறுதல் அரைகுறையானது. அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கின்றது. 126 ஆம் உறுப்புரையோ முறையிட ஒரு மாதமே தருகின்றது. காரணம் அறியாதவர் அதற்குள் எதனைக் காட்டி வழக்காடுவார்?

மைசூர்ப் பல்கலைக்கழக ஆங்கிலத்துறை நியமன வழக்கில், 1963 இல், அறிஞர் குழுவின் கணிப்பில் எளிதில் தலையிடலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது தகும், புலமையை அளப்பது நீதிபதியின் தொழிலன்று. ஆயின் அந்நம்பிக்கையைத் திரையாக்குதல் தகாது. பதவிப் போட்டியாளரே தெரிவுக் குழுவில் அமர்ந்த கிரைபக் வழக்கில், 1969 இல், அதே நீதிமன்றம் தெரிவையே நீக்கியது.

புள்ளிகளும் காரணமும் எழுத்தில் வழங்கப்படுக. நேர்மையான குழு அதற்கு அஞ்சாது. அஞ்சும் குழு தெரிவுசெய்யத் தகாது.