கலந்த தண்ணீருக்கும் உரிமையா?

பாலில் தண்ணீர் கலந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தால், "தண்ணீர் என்னுடையது, அதை ஊருக்குக் காட்ட நீ யார்?" என்று அவரே திருப்பி நோட்டீஸ் அனுப்புவாரா? 2015 ஜூனில் பெங்களூரில் ஏறத்தாழ அதுதான் நடந்தது.

ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் வலைப்பூவைத் திறந்த ஒரு மென்பொருளாளர், பக்கத்தின் மூலக்குறியீட்டில் தான் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியைக் கண்டார். அந்த வரி சுட்டிய ஐபி முகவரி ஏர்டெலுடையது. அவருடைய பக்கம் வாசகர் கைக்குப் போய்ச் சேரும் வழியில் அது ஏற்றப்பட்டிருந்தது. ஆதாரங்களை அவர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்தார். சில நாள்களில் ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து மும்பை வழக்கறிஞர்கள் வழியே நோட்டீஸ் வந்தது: அந்த நிரல் எங்களுடையது, வெளியிட்டது பதிப்புரிமை மீறல். அமெரிக்கச் சட்டப்படி கிட்ஹப்புக்கும் ஒரு புகார் போக, ஆதாரங்கள் நீக்கப்பட்டன. வாடிக்கையாளர் தம் டேட்டா பயன்பாட்டை அறிய உதவும் சோதனை அது என்றும், நோட்டீஸுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் ஏர்டெல் சொன்னது.

அடுத்தவர் எழுதிய பக்கத்துக்குள் கேட்காமல் நுழைந்த வரிக்குப் பதிப்புரிமை உண்டாம். அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

சட்டம் இங்கே ஊமையல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, தன் வழியே செல்லும் செய்திக்கு இடையாளர் பொறுப்பல்ல என்று பாதுகாப்புத் தருகிறது. செய்தியைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனையோடுதான் தருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவும், மின்வழியே அனுப்பும்போது இயல்பாக நேரும் தற்காலிகப் படியெடுப்பை மன்னிக்கிறது. சுமந்து செல்பவருக்கு உள்ள சலுகை இது, கைவைப்பவருக்கு அல்ல.

பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு இன்னும் ஆழமானது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும், படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் விளைவித்தால் தட்டிக்கேட்கும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது. சிற்பி அமர்நாத் செகலின் டெல்லி விஞ்ஞான் பவன் சுவர்ச்சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த வழக்கில், அதை அவரிடமே திருப்பித் தருமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே இல்லாத உரிமை, கம்பியை மட்டும் வைத்திருப்பவருக்கு எங்கிருந்து வரும்?

ஒரு வரி சேர்ந்தால் பெயர் கெட்டுவிடுமா என்று கேட்கலாம். இப்படிச் சேரும் வரி வலைப்பக்கத்தில் ஒரு விளம்பரத்தைத் துருத்தினால், அதை எழுத்தாளரே போட்டார் என்றுதான் வாசகர் நினைப்பார். வேறாக எண்ண அவருக்கு வழியே இல்லை. பக்கம் திறக்கத் தாமதமானாலும் திட்டு எழுதியவருக்கே. களங்கம் வேறெப்படி இருக்கும்?

எல்லா மாற்றமும் குற்றமென்று நாம் சொல்லவில்லை. டேட்டாவை மிச்சப்படுத்த ஓபரா மினி உலாவியைத் தேர்ந்தெடுப்பவர், பக்கம் சுருக்கப்பட்டு வரும் என்று தெரிந்தே தேர்கிறார். விளம்பரத் தடுப்பான் போடுவதும் வாசகர் தன் வீட்டுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. எழுதியவருக்கும் தெரியாமல், வாசிப்பவருக்கும் தெரியாமல் நடுவழியில் நடப்பதுதான் களவு.

2015-க்குப் பிறகு வலைத்தளங்களில் எச்டிடிபிஎஸ் குறியாக்கம் பரவியிருக்கிறது. 2018 ஜூலை முதல் குறியாக்கமில்லாத தளங்களை 'பாதுகாப்பற்றவை' என்று குரோம் உலாவி அடையாளம் காட்டுகிறது. குறியாக்கிய பக்கத்தில் நடுவழியில் வரி சேர்ப்பது எளிதல்ல. நல்லதுதான். ஆனால் பூட்டு வந்துவிட்டது என்பதற்காகத் திருட்டு நியாயமாகிவிடாது; பூட்டாத வீடு பொதுச் சத்திரமும் ஆகாது.

ஆகவே நம் தீர்ப்பு இது. இரு தரப்பின் சம்மதமும் இன்றிப் பக்கத்தில் கைவைக்கும் இணைய நிறுவனம், அந்தக் கணமே இடையாளர் என்ற கவசத்தை இழந்ததாகக் கொள்ள வேண்டும். அத்தகைய தலையீட்டைத் தொலைத்தொடர்பு உரிம நிபந்தனைகளே வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். ஒவ்வொரு வலைப்பதிவரும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்க முடியாது. தவற்றை அம்பலப்படுத்தக் காட்டப்படும் நிரலுக்குப் பதிப்புரிமைப் புகார் செல்லாது என்பதும் தெளிவாக வேண்டும்.

பால் கொண்டுவர நாம் கூலி கொடுக்கிறோம். அளவு கூடியிருக்கிறதே என்று அதற்காக யாரும் நன்றி சொல்வதில்லை.