காகிதம் போனாலும் உரிமை போகக்கூடாது

ஸ்கேன் என்றதும் எமது மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிதான். வயிற்றிலுள்ள சிசுவை ஒலி அலைகளால் காட்டும் கருவியும், உடலின் உள்ளே எக்ஸ் கதிரால் பார்க்கும் சி.ரி. ஸ்கேனும் அங்கு உண்டு. கடையில் பொருளின் மேலுள்ள கறுப்புக் கோடுகளை வாசித்து விலை சொல்வதும் ஒரு ஸ்கேனரே. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்று மிக அவசியமானது, பத்திரங்களைப் படமாக்கும் ஸ்கேனர் என்பதே எமது கருத்து.

காகிதம் இல்லாதவரின் கதி என்னவென்று மலையகத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்குமாறு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் அந்தப் பத்திரம் எங்கே இருந்தது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர். அந்த அநீதியைத் தீர்க்க 2003இலும் ஒரு புதிய சட்டம் தேவைப்பட்டது.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தயில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை உலுக்கியது. வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு பத்திரமும் போய்விடுகின்றன. நிவாரணத்துக்கும் காணிக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தப் பத்திரத்தையே கேட்கிறார்கள்.

எந்த ஸ்கேனர் நல்லது? பழைய உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும், கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் தட்டையான ஸ்கேனரே ஏற்றது. தாளை உருளையால் உள்ளே இழுக்கும் ஸ்கேனர் வேகமானது. ஆனால் மடிப்பில் கிழிந்த தாளை அதனுள் விடக்கூடாது. தடித்த பதிவேடுகளை மேலிருந்து கமராவால் எடுப்பதே பாதுகாப்பு. ஒன்றும் கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசி போதும். பத்திரத்தைச் சமமான இடத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்தே காத்து வருகிறது. நூலுக்குச் செய்வதை எமது வாழ்வுரிமைக்குச் செய்ய வேண்டாமா?

ஒன்றை மறக்கலாகாது. ஸ்கேன் பிரதி மூலப் பத்திரம் ஆகாது. ஆனால் அதில் பதிவு இலக்கமும் திகதியும் தெரியும். அவை கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய அத்தாட்சிப் பிரதி பெறுவது இலகு. இல்லாவிட்டால் தேடித்தேடி அலைய வேண்டும்.

கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் செய்தால், படத்தை அங்குள்ள கணினியில் விட்டுவராதீர்கள். அடையாள அட்டை இலக்கம் பிறர் கையில் சிக்கினால் ஆபத்து. மூலப் பத்திரத்தைத் தரகர் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். படத்தை உங்கள் தொலைபேசியிலும், வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வையுங்கள்.

ஒவ்வொரு முகாமிலும் தோட்டத்திலும் ஒரு ஸ்கேனர் பொதுவில் இருக்க வேண்டும். அதற்குப் பங்குத்தளங்களும் மாதர் சங்கங்களும் முன்வரட்டும். இளைஞர்களே, ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி உங்கள் லயத்துப் பெரியவர்களிடம் செல்லுங்கள். அவர்களுடைய தகரப்பெட்டியைத் திறந்து உட்காருங்கள். அடுத்த மழை வருமுன் இந்த வேலை முடியட்டும்.