துப்பாக்கி ஏந்தாதவர்களுக்கு முதல் பக்கம்

வரலாற்றுப் போர்களை ஏர்சாஃப்ட் களத்துக்குக் கொண்டுவரும்போது, துப்பாக்கி இல்லாத பாத்திரங்களைப் பற்றிய யோசனை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அணிகளும் எல்லைகளும் குண்டுக் கணக்கும் முடிவான பிறகு, மிச்சமிருப்பவர் கையில் ஒரு முதலுதவிப் பையைக் கொடுத்து அனுப்புகிறோம். இந்த வரிசை மாற வேண்டும். மதுரை முற்றுகையை ஆட்டமாக்க நினைப்பவருக்கு வேறு வழியே இல்லை.

கான் சாகிப் என்று மதுரைக்காரர்கள் சொல்லும் யூசுப் கான், 1763-ல் ஆற்காட்டு நவாபையும் கிழக்கிந்தியக் கம்பெனியையும் எதிர்த்துக் கோட்டைக்குள் நின்றார். அந்த ஆண்டு வந்த படையை மழைக்காலம் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்ப்பெல் தலைமையில் மீண்டும் வளைத்தார்கள். ஜூன் மாதக் கடைசியில் மதிலேற முயன்ற படை பலத்த இழப்போடு பின்வாங்கியது. அதன்பின் காம்ப்பெல் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே தானியம் குறைந்தது, நம்பிக்கையும் குறைந்தது. அக்டோபரில் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தும் சேர்ந்து கான் சாகிபைப் பிடித்துக் கொடுத்தார்கள். பீரங்கிக்கு விழாத கோட்டை பசிக்கும் பேரத்துக்கும் விழுந்தது. கான் சாகிப் முன்பு பெயர் பெற்றதும் திருச்சி முற்றுகையில் கம்பெனிப் படைக்கு உணவுப் பொதிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய சிப்பாயின் துப்பாக்கியில் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். தேர்ந்த கையும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடும். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சரமாரியாக வீசும் நம் துப்பாக்கிகள் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுடும்போதுதான் 1764-லிருந்து நாம் அதிகம் விலகுகிறோம். மூட்டை சுமப்பதிலும் சேதி கொண்டுபோவதிலும் அந்த விலகல் தேவையில்லை.

ஆனால் இந்தப் பாத்திரங்களை ஏவலாளாக வைத்தால் ஆடுபவர் சீக்கிரமே சலித்துப்போவார். படைத்தலைவர் தேடிவந்து கேட்க வேண்டிய ஏதோ ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். பொதிமாட்டு வியாபாரியிடம் தானிய வில்லைகள் இருக்கட்டும். அரைமணிக்கு ஒன்று செலுத்தாத வீரர் சுட முடியாது. கைபேசியைத் தடை செய்துவிட்டு, எல்லாச் சேதிகளையும் அரிக்காரர் என்ற தூதர் மூலமே அனுப்புங்கள். அவற்றைத் தாமதப்படுத்தவும் விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. இரு தரப்பும் மொழிபெயர்ப்பாளரான துபாஷி வழியாக மட்டுமே பேசட்டும். அடிபட்டவர், இருவர் வந்து டோலியில் தூக்கிப் பாசறை சேர்த்த பிறகே மீண்டும் களமிறங்கட்டும். சம்பளம் தவறினால் திவான் எதிரியோடு ரகசியமாகப் பேசலாம். மழை வந்ததாக நடுவர் அறிவித்தால், கரிசலில் பீரங்கி வண்டிகள் நகரக் கூடாது.

போரிடாதவரைப் பிடிக்கலாம், சுடக் கூடாது. அதை உணர்த்த நிறத்துண்டு கட்டினால் மட்டும் போதாது. குண்டு பாயும் எல்லைக்குள் வரும் எல்லோரும், டோலி தூக்குபவர் உட்பட, கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். விளையாட்டுத் தானியத்தை மறிக்கலாம். குடிதண்ணீரை ஒருபோதும் மறிக்கக் கூடாது. மதுரை வெயில் விளையாட்டு அல்ல.

பழைய கோட்டை மதில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்டது. இன்று வெளிவீதிகளில் மக்கள் வாழ்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். ஆகவே ஊருக்கு வெளியே தனியார் நிலத்தில், ஊராரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுங்கள். சம்மட்டிபுரத்தில் கான் சாகிப் அடங்கிய இடம் தொழுகைக்கு உரியது. அது ஆடுகளம் ஆகக் கூடாது. அவரைத் தூக்கிலிட்டதையும் நடித்துக் காட்ட வேண்டாம். அவர் பிடிபட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த ஆட்டத்தைத் திட்டமிடும் வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: திட்டத்தாளின் முதல் பக்கத்தில் தானியம், சேதி, சம்பளம் இவற்றின் விதிகளை எழுதுங்கள். துப்பாக்கி விதிகள் அதற்குப் பிறகு வரட்டும். சிறு களத்தில் ஒருமுறை ஆடிப் பார்த்து, எந்த விதி நின்றது, எது உடைந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் பொதுவாக வைக்க இந்த இதழ் காத்திருக்கிறது.