ராணுவ லாரியைக் கழற்றலாம், சொந்த வண்டியைத் தொடக்கூடாதா?

"இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் மயம் சார். வீட்டுல வச்சு ரிப்பேர் பண்றதெல்லாம் அந்தக் காலம்." இப்படி அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய பேர். வண்டி விற்கிற கம்பெனிகளும் இதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கின்றன. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பொய் என்பதற்குச் சாட்சியாக, அமெரிக்காவில் பல வீட்டு வாசல்களில் ஏறத்தாழ ஆறு டன் எடையுள்ள பச்சை லாரி ஒன்று நின்றுகொண்டிருக்கிறது.

அதன் பெயர் எம்35. 1950-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வண்டி. கரடுமுரடான பாதையிலும் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று செல்லப்பெயர். பின்னால் வந்த எம்35ஏ2 ரகத்தில் ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர் 'மல்ட்டிஃபியூவல்' எஞ்சின். டீசலில் ஓடும், ஜெட் விமான எரிபொருளிலும் ஓடும். வியட்நாம் போரில் உழைத்து, படை கழித்துக் கட்டிய பிறகு அரசு ஏலத்துக்கு வந்தது. சாதாரண ஆட்கள் வாங்கி, வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, தாங்களே கழற்றி மாட்டுகிறார்கள்.

எப்படி முடிகிறது? அவர்கள் எல்லோரும் எஞ்சினியர்களா? இல்லை. அந்த லாரியை வடிவமைத்தவர்கள் எஞ்சினியரை மனதில் வைத்து வடிவமைக்கவே இல்லை! பள்ளிக்கூடம் முடித்து அப்போதுதான் படையில் சேர்ந்த 18, 19 வயதுப் பையன், சேற்றில் படுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் கணக்கு.

அதற்காகவே புத்தகங்கள் எழுதினார்கள். ஓட்டுநருக்கு ஒன்று, படைப்பிரிவு மெக்கானிக்குக்கு ஒன்று, பெரிய பட்டறைக்கு ஒன்று. கிளம்புவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், ஓடும்போது எதைக் கவனிக்க வேண்டும், நிறுத்திய பின் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அமெரிக்க அரசு எழுதிய கையேடுகளுக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துப் படிக்கலாம். இது போதாதென்று 1951-ல் 'பிஎஸ்' என்ற பராமரிப்பு இதழையே ராணுவம் தொடங்கியது. அதில் படம் வரைந்தவர் புகழ்பெற்ற காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னர். கிரீஸ் போடுவதைக்கூடச் சித்திரக்கதையாகச் சொல்லிக்கொடுத்த ராணுவம் அது!

"ஆபத்து சார், தெரியாதவன் கை வைத்தால் உயிருக்கே உலை" என்பது அடுத்த வாதம். சரி, இந்த லாரியில் ஆபத்து இல்லையா? தாராளமாக இருக்கிறது. எம்35ஏ2-வின் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் ஆறு சக்கர இடத்துக்கும் போகிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. 1980-களில் ராணுவம் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால், மாதக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டிக்கு நல்லது. ஆனால் அதில் சாதாரண ஆயிலைக் கலந்தால் இரண்டும் சேராது. சக்கரமோ பூட்டு வளையம் போட்ட ரகம். காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும், அதனால் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும்.

இதெல்லாம் வீட்டில் வண்டி வைத்திருப்பவனுக்கு எப்படித் தெரிகிறது? எழுதி வைத்ததால் தெரிகிறது. ஆபத்து என்பதற்காக அவர்கள் மறைக்கவில்லை. ஆபத்து என்பதால்தான் எழுதினார்கள். படித்த பிறகும் கூண்டு இல்லாமல் காற்றடிப்பவனை, பழைய ஹோஸை மாற்றாமல் சாலைக்கு வருபவனை யாரும் ஆதரிக்க வேண்டாம். பிழைத்த வண்டி அடுத்தவன் மீது ஏறக்கூடாது. ஆனால் அதற்கு மருந்து அறிவைக் கொடுப்பது. ஸ்பேனரைப் பிடுங்குவது அல்ல.

இப்போது இன்றைய நிலைமையைப் பாருங்கள். ஒரு விவசாயி தன் டிராக்டரில் கெட்டுப்போன பாகத்தைத் தானே மாற்றினாலும், டீலரின் மென்பொருள் வந்து 'ஏற்றுக்கொள்' என்று சொன்னால்தான் அது வேலை செய்யும் என்ற நிலை வந்தது. மென்பொருள் பூட்டை உடைப்பது 1998-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி குற்றம். 2015-ல் வண்டி ரிப்பேருக்கு விலக்குக் கொடுத்தார்கள். என்ன விலக்கு தெரியுமா? சொந்தக்காரன் பூட்டை உடைக்கலாம், ஆனால் உடைக்கிற கருவியை யாரும் அவனுக்கு விற்கக்கூடாது! கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள், கயிறு மட்டும் கேட்காதே என்கிற கதை. விவசாயக் கருவிகளை ரிப்பேர் செய்யும் உரிமைக்கு முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் கொலராடோ, அதுவும் 2023-ல்தான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. எம்35-க்குப் பக்கம் பக்கமாகக் கையேடு எழுதிய அதே ராணுவம், பின்னாளில் தன் சொந்தக் கருவிகளைச் சரிசெய்யக் கம்பெனிக்காரனை எதிர்பார்த்து நின்றது. கடைசியில் 2025 ஏப்ரலில், ஒப்பந்தங்களில் ரிப்பேர் உரிமையைச் சேர்க்க வழி பாருங்கள் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே உத்தரவு போட வேண்டியதாயிற்று. டாங்கி வைத்திருப்பவனுக்கே இந்தக் கதி என்றால், கார் வைத்திருப்பவன் எம்மாத்திரம்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய மல்ட்டிஃபியூவல் எஞ்சின் புகை கக்கும். இன்றைய டீசல் வண்டி அதைவிடப் பல மடங்கு சுத்தம், அந்தச் சுத்தத்துக்குக் கம்ப்யூட்டர் தேவை. யாரும் 1950-க்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் சுத்தத்துக்குத் தேவைப்படுவது கம்ப்யூட்டர் மட்டும்தான், அதற்குப் போட்ட பூட்டு அல்ல. சென்சார் என்ன சொல்கிறது என்று வண்டிக்காரன் படித்துப் பார்த்தால் புகை கூடிவிடாது. கெட்ட சென்சாரை அவனே மாற்றினால் புகை குறையத்தான் செய்யும்.

எம்35 எளிமையான வண்டி என்பதால் மட்டும் இன்றுவரை ஓடவில்லை. வாங்கியவர் கறாராகக் கேட்டார்: "எங்கள் பையன் இதைக் கழற்றி மாட்ட வேண்டும், எப்படி என்று எழுதிக் கொடு." விற்றவர் கொடுத்தார். காசு கொடுத்து வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் இதையே கேட்கலாம். கேட்காதவரை பூட்டு விற்கிறவனுக்குத்தான் லாபம்.