மூட்டு மாற்றியாச்சு, மருந்து எத்தனை நாள்? ரத்த உறைவைத் தடுப்பது எப்படி?

"அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்கு வந்துட்டோம்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கால் நரம்புகளுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து, டிஸ்சார்ஜ் ஆன பிறகும் பல வாரங்கள் தொடர்கிறது.

ஏன் உறைகிறது?

ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயில் காயம், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் அடிப்படைக் காரணங்கள். இந்த விளக்கம், 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரில் அறியப்படுகிறது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையில் இந்த மூன்றுமே ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வராத காலத்தில் பரிசோதித்தபோது, 40 முதல் 60 சதவீதம் பேருக்குக் காலில் உறைவு இருந்தது. பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையா, ஊசியா?

இனாக்ஸபரின் ஊசி, ரிவராக்ஸபேன், அபிக்ஸபேன், ஆஸ்பிரின் எனப் பல வழிகள் உண்டு. கனடாவில் 3,424 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், முதல் 5 நாள் ரிவராக்ஸபேன் கொடுத்துவிட்டு ஆஸ்பிரினுக்கு மாறியவர்களும், ரிவராக்ஸபேனையே தொடர்ந்தவர்களும் ஏறக்குறைய சமமாகவே பாதுகாக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவில் 31 மருத்துவமனைகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 3.45 சதவீதம் பேருக்கும், இனாக்ஸபரின் போட்டவர்களில் 1.82 சதவீதம் பேருக்கும் 90 நாளுக்குள் அறிகுறியுடன் உறைவு வந்தது.

அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தே நம் அப்பாவுக்கும் சரி என்று நினைக்கக் கூடாது. முன்பே உறைவு வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ரத்தக்கசிவு பயமும் உண்டு. இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை நாள்?

குறைந்தது 10 முதல் 14 நாள், தேவைப்பட்டால் 35 நாள் வரை என்கிறது அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரியின் 2012 வழிகாட்டுதல். "வலிதான் குறைஞ்சிடுச்சே" என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தப்பு. அதேபோல, மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வலி மாத்திரை வாங்கிச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து ஏறும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"ஆபரேஷன் பண்ண கால், அசைக்காதே" என்ற அறிவுரையை விட்டுவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வாக்கர் பிடித்து நடக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைக்க வேண்டும். தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும்.

கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு, திடீரென்று கூடும் வீக்கம் ஆகியவை தெரிந்தால் எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவமனைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எந்த மருந்து, எந்தத் தேதி வரை, என்ன அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்ற மூன்றும் டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து முடியும் தேதியை மொபைல் காலண்டரில் போட்டுவையுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "மாத்திரை போட்டீங்களா?" என்று தினமும் ஒரு போன் பண்ணிக் கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.