கருப்பைக் கழுத்துக் கொப்புளமும் வீண் பீதியும்

'நபோத்தியன் சிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஸ்கான் அறிக்கை ஒன்று வீட்டிற்கு வந்துவிட்டாற் போதும், நம் தாய்மார் உறக்கத்தை இழந்துவிடுகின்றனர். கட்டி என்றால் புற்றுநோய். புற்றுநோய் என்றால் மரணம். விசாரணையின்றியே அடுப்பங்கரையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

உண்மை யாது? கருப்பைக் கழுத்தில் சளிநீர் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உள. பிள்ளைப்பேற்றின் பின்னரோ, அழற்சி ஆறும்போதோ, மேற்படை வளர்ந்து அச்சுரப்பிகளின் வாயை அடைத்துவிடுவதுண்டு. வெளியேற வழியற்ற சளிநீர் உள்ளே தேங்கி, வெண்மையாகவோ மஞ்சளாகவோ கொப்புளமாகத் திரள்கிறது. அவ்வளவே! பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவினது; நோவு தருவது அரிது; புற்றுநோயும் அன்று. 1707 ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதிய ஜேர்மனிய மருத்துவ அறிஞர் மார்ட்டின் நபோத், இவற்றைப் பெண்ணின் முட்டைகள் என்றே கருதினார். அறிஞரே மயங்கினாரெனின், நம் வீட்டுப் பெண்கள் மருளுவதில் வியப்பென்ன?

இதற்குச் சிகிச்சை பெரும்பாலும் வேண்டியதில்லை. மிகப் பெரிதாகி உபாதை தந்தாலோ, தோற்றத்தில் ஐயம் எழுந்தாலோதான் வைத்தியர் அதைத் திறப்பார். அன்றேல் சிறு துண்டெடுத்து ஆராய்வார். எனவே, "கட்டி இருக்கிறது" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுச் சத்திர சிகிச்சைப் பத்திரத்தில் எந்தப் பெண்ணும் கையொப்பமிட விரையலாகாது. விளங்காமல் அளித்த சம்மதம் சம்மதமே அன்று என்பது சட்டம் பயில்வோர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று.

தமிழும் அரசகரும மொழியாகும் என 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகிறது. "இது சளிநீர்க் கொப்புளம், புற்றுநோயன்று" என்று அறிக்கையின் அடியில் தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்? தனியார் நிலையங்களை அத்திருத்தம் கட்டுப்படுத்தாதெனலாம். காசு கொடுத்தவளுக்கு விளக்கம் கொடுக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு.

ஒன்றை மறத்தலாகாது. கொப்புளம் தீங்கற்றது என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்த்தல் பெருந்தவறு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வேறு. அது பெரும்பாலும் பப்பிலோமா வைரசினால் விளைவது. அதனை முன்கூட்டியே கண்டறிய, 1996 முதல் அரசாங்கம் நடத்திவரும் மகளிர் சுகநல நிலையங்களில் 35 வயதுப் பெண்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. உடலுறவின் பின்னரோ, மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் கண்டால், வயது பாராது உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். கூச்சமுள்ளவர்கள் முதலில் தங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம்.